கதைக்கருவை எடைபோட்டவர்: எஸ்.எஸ். வாசனும் ஜெமினி கதை இலாகாவும்

தமிழ்த் திரைப்பட வரலாற்றில் எஸ்.எஸ். வாசன் (1904–1969) பெரும்பாலும் பிரம்மாண்டத்தின் பெயராலேயே நினைக்கப்படுகிறார். முரசு நடனமும் சர்க்கஸ் காட்சிகளும் பேசப்பட்ட அளவுக்கு, அவற்றுக்கு முன்பே நிகழ்ந்த கதைத் தேர்வு பேசப்படவில்லை. ஒருவரிக் கதையைக் கேட்டு அதனை ஏற்பதும் தள்ளுவதுமாகிய பணியை மையமாகக் கொண்டு வாசனின் வாழ்வை இக்கட்டுரை அணுகுகிறது.

திருத்துறைப்பூண்டியில் பிறந்த வாசன் இளமையிலேயே தந்தையை இழந்தார். தாயுடன் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் பயின்றார், படிப்பு முற்றுப்பெறவில்லை. விளம்பரம் சேகரிக்கும் தொழிலும் அஞ்சல்வழி வணிகமும் அவரை இதழுலகுக்கு இட்டுச்சென்றன. 1928இல் பூதூர் வைத்தியநாதையரிடமிருந்து ‘ஆனந்த விகடன்’ இதழை வாங்கினார். எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் எட்டெழுத்துக்கு 200 ரூபாய் என்று அவ்விலை இன்றும் சொல்லப்படுகிறது. வாசகர் எந்தத் தொடரை எதிர்பார்ப்பர், எதனைப் புரட்டிவிட்டுப் போவர் என்பதை வாரந்தோறும் கணிக்க வேண்டிய தொழில் அது. பிற்காலத்தில் கதை இலாகாவின் முன் அமர்ந்தவர் இந்த இதழாசிரியரே என்பதை மறந்துவிடலாகாது.

அவரே கதையும் எழுதினார். ஆனந்த விகடனில் தொடராக வந்த அவரது ‘சதி லீலாவதி’ 1936இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் படமாயிற்று, எம்.ஜி.ஆர். அறிமுகமான படமும் அதுவே. ‘பதிபக்தி’ நாடகத்தோடு கதை ஒத்திருக்கிறது என்று வழக்கு எழுந்தபோது, இரண்டுமே திருமதி ஹென்றி உட் எழுதிய ‘டேன்ஸ்பரி ஹவுஸ்’ என்னும் ஆங்கில நாவலிலிருந்து பிறந்தவை என வாசன் சாட்சியமளித்தார். தன் கதையின் சுயத்தன்மையைத் தானே கைவிடும் அச்சாட்சியத்தில் அவரது கதைக் கொள்கை முழுவதும் அடங்கியுள்ளது எனலாம். கதைக்கரு எங்கிருந்தும் வரலாம் என்பதே அது.

1940இல், தீவிபத்துக்குள்ளான மோஷன் பிக்சர் புரொட்யூசர்ஸ் கம்பைன் படப்பிடிப்புத் தளத்தை ஏலத்தில் எடுத்து ஜெமினி ஸ்டூடியோவாக்கினார். அமெரிக்காவின் பெரிய ஸ்டூடியோக்கள் நாவல்களைப் படித்துச் சுருக்கித் தருவதற்கென்றே ஆட்களை வைத்திருந்தன. ஜெமினியின் கதை இலாகாவிலோ கொத்தமங்கலம் சுப்பு, கே.ஜே. மகாதேவன், சங்கு சுப்பிரமணியம், வேப்பத்தூர் கிட்டு முதலியோர் மாதச் சம்பளத்தில் அமர்ந்து, கதையை வாய்மொழியாகச் சொல்லி விவாதித்தனர்.

‘பாலநாகம்மா’, ‘மங்கம்மா சபதம்’ ஆகியவற்றின் வெற்றிக்குப்பின், துணிவுமிக்க பெண்ணை மையமாக வைத்து அடுத்த படத்தை எடுக்க வாசன் விரும்பினார். இலாகா ஒரு கருவைக் கொண்டுவந்தது. கொடிய கொள்ளைக்காரனைத் தன் அறிவால் வெல்லும் சந்திரலேகா என்னும் பெண், இறுதியில் அவன் மூக்கை அறுத்து, அந்தப் புண்ணில் மிளகாய்ப்பொடியைத் தூவுகிறாள். கொடூரமும் கொச்சைத்தன்மையும் கருதி வாசன் அதனைத் தள்ளினார். ஆனால் கதாநாயகியின் பெயரை விடவில்லை. கதை இல்லாமலே ‘சந்திரலேகா’ என்ற தலைப்பு விளம்பரமாயிற்று. மாதங்கள் மூன்று கழிந்தும் கதை அமையாதபோது, இப்படத்தை ஒதுக்கிவிட்டு ‘ஔவையார்’ எடுக்கப்போவதாக எச்சரித்து ஒரு வார கால அவகாசம் தந்தார்.

அந்த வாரத்தில் கிட்டு, ஜி.டபிள்யூ.எம். ரெயினால்ட்ஸின் ‘ராபர்ட் மக்கெயர்’ நாவலின் தொடக்கத்தைப் பற்றிக்கொண்டார். இருட்டில் செல்லும் வண்டியைக் கொள்ளையர் மறிக்கின்றனர். உள்ளே ஒளிந்திருந்த பெண் அகப்படுகிறாள். சாட்டைக்கு அஞ்சி ஆடுகிறாள். வாசனுக்கு இது பிடித்துப்போயிற்று. முழு நாவலும் அவருக்குத் தேவைப்படவில்லை என்பது கவனத்துக்குரியது. ஆபத்தில் அகப்பட்ட பெண், அவளிடம் இருக்கும் ஒரே கருவியாகிய ஆட்டம் என்ற ஒரு நிலைமை போதுமானதாக இருந்தது. 1948 ஏப்ரல் 9இல் வெளியான படத்தில், முரசுகளுக்குள் வீரரை ஒளித்துவைத்து ஆடும் இறுதி ஆட்டத்திற்கு வித்து இந்நிலைமையில்தான் இருக்கிறது.

இத்தேர்வில் இழப்பும் உண்டு. தள்ளப்பட்ட கருவில் பகைவனைத் தண்டிப்பவள் பெண். திரையில் டி.ஆர். ராஜகுமாரியின் சந்திரலேகா சூழ்ச்சியை வகுக்கிறாள். இறுதி வாட்போரோ எம்.கே. ராதாவின் வீரசிம்மனுக்கும் ரஞ்சனின் சசாங்கனுக்கும் இடையே நிகழ்கிறது. குடும்பத்தோடு படம் பார்க்க வருவோரை எண்ணிய இதழாசிரியரின் சுவையுணர்வு, பழிவாங்கலை அவள் கையிலிருந்து ஆடவர் கைக்கு மாற்றிவிட்டது. கொடூரத்தை நீக்கியபின்னும் முடிவை அவளிடமே விட்டிருக்க இயலும். இப்படத்தைப் பெண்ணின் வீரக்கதையாக மட்டும் வாசிப்போர் இந்த மாற்றத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

கருவை அயலிலிருந்து எடுத்து மண்ணுக்கேற்ப ஆக்கும் முறை தொடர்ந்தது. 1949இல் வந்த ‘அபூர்வ சகோதரர்கள்’ டூமாவின் ‘கார்சிகன் பிரதர்ஸ்’ கதையைத் தழுவியது. ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த ‘ஔவையார்’ கே.பி. சுந்தராம்பாள் நடிப்பில் 1953இல் வெளிவந்தது; அங்குப் பாட்டும் பக்தியுமே கதையைச் சுமந்தன. கதை இலாகா பின்னர் மூடப்பட்டது. வாசன் 1964இல் மாநிலங்களவை உறுப்பினரானார். பத்மபூஷண் பெற்ற 1969ஆம் ஆண்டிலேயே ஆகஸ்டு 26இல் காலமானார். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் வந்த ஜெமினியின் ‘மோட்டார் சுந்தரம் பிள்ளை’யும் ஓர் ஆங்கில நாடகத்தைத் தழுவியதே. அதனை எழுதியவர் வேப்பத்தூர் கிட்டு.