ஜான் கோல்டிங்காம்
ஜான் கோல்டிங்காம் (1767 – 1849) சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய வானியலாளர் ஆவார். ஒலியின் திசைவேகத்தைச் சென்னையில் அளந்தமைக்காக இயற்பியல் வரலாற்றில் இவர் அறியப்படுகிறார்.

பணிகள்

1792 இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வகக் கட்டிடத்தை எழுப்பியது. 1796 இல் மைக்கேல் தாப்பிங் இறந்த பின்னர் அதன் பொறுப்பைக் கோல்டிங்காம் ஏற்றார். இடையில் சில ஆண்டுகள் ஜான் வாரன் அப்பொறுப்பை வகித்தார். 1830 இல் கோல்டிங்காம் ஓய்வு பெற்றார். பின்னாளில் கிண்டி பொறியியற் கல்லூரியாக வளர்ந்த நில அளவைப் பள்ளியையும் இவர் நடத்தினார். இன்று இராஜாஜி மண்டபம் எனப்படும் விருந்து மண்டபத்தை வடிவமைத்தவரும் இவரே.

ஒலியின் திசைவேகம்

புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் நாள்தோறும் காலையிலும் மாலையிலும் பீரங்கி வெடிப்பது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது. 1820, 1821 ஆம் ஆண்டுகளில் கோல்டிங்காம் இதனைச் சோதனைக்குப் பயன்படுத்தினார். வானாய்வகத்திலிருந்து பரங்கிமலை ஏறத்தாழ 29,500 அடி தொலைவிலும், கோட்டை ஏறத்தாழ 13,900 அடி தொலைவிலும் இருந்தன. பீரங்கியின் ஒளி தெரிந்த நேரத்திற்கும் ஓசை கேட்ட நேரத்திற்கும் உள்ள இடைவெளி காலமானியால் அளக்கப்பட்டது. ஒளி கண நேரத்தில் வந்தடைவதால், இவ்விடைவெளியையே ஒலியின் பயண நேரமாகக் கொள்ளலாம். பரங்கிமலையின் ஓசை வந்துசேர ஏறத்தாழ 26 நொடிகள் ஆயின.

தொலைவை நேரத்தால் வகுத்தால் கிடைப்பது சராசரித் திசைவேகம் ஆகும். ஒலி நேர்கோட்டில் வருவதால் இங்கு தொலைவும் இடப்பெயர்ச்சியும் சமம். வழியில் ஒவ்வோர் இடத்திலும் ஒலி எவ்வளவு விரைந்தது என்பதை இச்சராசரி காட்டாது.

முடிவுகள்

நூற்றுக்கணக்கான அளவீடுகளை இவர் மாதவாரியாகத் தொகுத்தார். டிசம்பர், சனவரி மாதங்களில் நொடிக்கு ஏறத்தாழ 1,100 அடியாக இருந்த திசைவேகம், சூலையில் 1,160 அடியைத் தாண்டியது. ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 1,134 அடி, அதாவது 346 மீட்டர். ஆண்டுச் சராசரியை மட்டும் கணக்கிட்டிருந்தால் இவ்வேறுபாடு மறைந்திருக்கும். ஒவ்வோர் அளவீட்டுடனும் வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம், காற்றின் நிலை ஆகியவற்றையும் குறித்து வைத்ததால், வெப்பம் கூடும்போது ஒலி விரைகிறது என்பதையும், எதிர்க்காற்று அதனைத் தாமதப்படுத்துகிறது என்பதையும் இவரால் காட்ட முடிந்தது.

நியூட்டனின் சூத்திரம் தந்த மதிப்பு உண்மையைவிடக் குறைவாக இருந்தது. 1816 இல் லாப்லாசு அதனைத் திருத்தினார். அத்திருத்தம் விவாதிக்கப்பட்ட காலத்தில், 1823 இல் இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் கோல்டிங்காமின் முடிவுகள் வெளியாயின. வெப்பமண்டலத்தில் ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து எடுக்கப்பட்ட அளவீடுகள் என்பதே அவற்றின் சிறப்பாகும்.

கோல்டிங்காம் 1849 இல் இங்கிலாந்தில் காலமானார்.