நாளுக்கு மூன்று நடை: சார்லஸ் டார்வினின் வாழ்க்கையும் பிரித்துச் செய்யும் உடற்பயிற்சியும்

நாள்தோறும் 30 நிமிடம் நடக்க வேண்டும் என்று மருத்துவர் கூறும்போது, அதனை ஒரே மூச்சில் நடந்து முடிக்க வேண்டும் என்றே பலரும் பொருள் கொள்கின்றனர். மூட்டு வலி உள்ளவரும், மாரடைப்பிலிருந்து மீண்டு வருபவரும், படுக்கையில் இருக்கும் உறவினரைப் பராமரிப்பவரும் அவ்வளவு நேரம் தம்மால் இயலாது எனக் கருதி நடையையே கைவிட்டு விடுகின்றனர். புறநோயாளிப் பிரிவில் நாங்கள் அடிக்கடி காணும் நிலை இது. நீங்களும் அவர்களுள் ஒருவரானால், தம் வாழ்நாளில் பாதிக்கும் மேற்பட்ட காலத்தை நோயுடன் கழித்த ஒருவரின் வரலாறு உங்களுக்குப் பயன்படும். உயிரினங்களின் பரிணாமத்தை விளக்கிய இங்கிலாந்து நாட்டு அறிவியலாளர் சார்லஸ் டார்வினே அவர்.

வலிமை மிக்க இளமை

டார்வின் 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12 அன்று ஷ்ரூஸ்பரி நகரில் பிறந்தார். தந்தையும் பாட்டனாரும் மருத்துவர்கள். அவரும் மருத்துவம் பயில 16ஆம் வயதில் எடின்பரோ நகருக்கு அனுப்பப்பட்டார். மயக்க மருந்து வழக்கத்திற்கு வராத காலம் அது. அறுவை சிகிச்சையைக் காணப் பொறாமல் வெளியேறிய அவர், பின்னர் அப்படிப்பையே விட்டுவிட்டார்.

1831ஆம் ஆண்டு டிசம்பரில் பீகிள் என்னும் கப்பலில் புறப்பட்டு, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் உலகைச் சுற்றினார். கடற்பயணம் முழுவதும் குமட்டல் அவரை வருத்தியது. ஆயினும் தரையில் இறங்கியதும் நாள் முழுவதும் நடக்கவும், குதிரையில் நெடுந்தொலைவு செல்லவும், ஆண்டிஸ் மலையில் ஏறவும் அவரால் முடிந்தது. 1834ஆம் ஆண்டு சிலி நாட்டில் ஒரு மாதத்திற்கும் மேலாக நோயுற்றுக் கிடந்த பின்னரும் பயணத்தைத் தொடர்ந்தார்.

நோயும் இருப்பிட மாற்றமும்

1836ஆம் ஆண்டு தாயகம் திரும்பிய சிறிது காலத்திலேயே அவரது உடல்நிலை மாறியது. படபடப்பு, வாந்தி, வயிற்று உபாதை, தலைவலி, தோல் அழற்சி, கடும் சோர்வு ஆகியவை மாறி மாறி வந்தன. விருந்தினருடன் சிறிது நேரம் உரையாடினாலும் அன்றிரவு உறக்கம் கெடும். அந்நோயின் காரணம் குறித்து மருத்துவ அறிஞர்களிடையே இன்றளவும் ஒருமித்த கருத்து இல்லை.

1839ஆம் ஆண்டு அவர் எம்மாவை மணந்தார். 1842ஆம் ஆண்டு இருவரும் லண்டனின் நெரிசலை விட்டு, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் அக்காலத்தில் கென்ட் மாவட்டத்தில் இருந்த டவுன் என்னும் சிற்றூரில் குடியேறினர். எஞ்சிய 40 ஆண்டுகளும் டார்வின் அங்கேயே வாழ்ந்தார்.

மணல் பாதை

1846ஆம் ஆண்டு, தம் தோட்டத்தை அடுத்திருந்த ஒரு சிறு நிலத்தை அவர் குத்தகைக்கு எடுத்தார். அதில் மரங்களை நட்டு, சுற்றிலும் நடப்பதற்கு மணல் பரப்பிய பாதை ஒன்றை அமைத்தார். ஒரு சுற்று ஏறத்தாழ 400 மீட்டர். வளைவில் சில சக்கிமுக்கிக் கற்களைக் குவித்து வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கல்லைக் காலால் தள்ளிவிடுவார். கற்கள் தீர்ந்தால் அன்றைய சுற்றுகள் நிறைவுற்றன என்று பொருள். எண்ணிக்கையை மனத்தில் வைக்கத் தேவையில்லாததால், அவர் தம் ஆய்வைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டே நடந்தார்.

மூன்று வேளைகளில் நடை

அவரது அன்றாட ஒழுங்கை அவருடைய மகன் பிரான்சிஸ் பதிவு செய்துள்ளார். காலையில் எழுந்ததும், உணவுக்கு முன் ஒரு சிறு நடை. 8 மணி முதல் 9.30 வரை எழுத்துப் பணி. பின்னர்ச் சற்று ஓய்வு. 10.30 முதல் நண்பகல் வரை மீண்டும் பணி. நண்பகலில் மழையாயினும் வெயிலாயினும் மணல் பாதையில் இரண்டாவது நடை. அவரது நாய் பாலி, மழை நாள்களில் தாழ்வாரத்தில் தயங்கி நின்று, பெரும்பாலும் பிறகு அவரைப் பின்தொடரும். பிற்பகல் 3 மணிக்குப் படுத்து ஓய்வு. 4 மணிக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் மூன்றாவது நடை. அதன்பின் ஒரு மணி நேரம் பணி.

இந்த ஒழுங்கை நீங்கள் கூர்ந்து நோக்க வேண்டும். நடை மட்டுமின்றிப் பணியும் சிறு சிறு பகுதிகளாகவே பிரிக்கப்பட்டிருந்தது. இடையிடையே ஓய்வும் இருந்தது. நாள் முழுவதும் தொடர்ந்து உழைக்க இயலாத அந்த உடலுடன்தான் அவர் எட்டு ஆண்டுகள் கொட்டலசு என்னும் கடல் உயிரிகளை ஆராய்ந்தார். 1859ஆம் ஆண்டு உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலை வெளியிட்டார்.

நடை அவரது நோயைக் குணப்படுத்தவில்லை என்பதையும் கூற வேண்டும். வாந்தியும் சோர்வும் பல முறை திரும்பி வந்தன. நோய் மிகுந்த நாள்களில் அவர் படுக்கையிலேயே இருந்தார். தேறியதும் மீண்டும் பாதைக்குச் சென்றார். சுற்றுகள் குறைந்தாலும் பழக்கம் அறுபடவில்லை.

இன்றைய மருத்துவம் கூறுவது

டார்வின் தம் இயலாமைக்கேற்ப மேற்கொண்ட முறைக்கு இன்று மருத்துவச் சான்றுகள் உள்ளன. பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு மேற்கொள்ள வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஒவ்வொரு முறையும் குறைந்தது 10 நிமிடமாவது தொடர்ந்து செய்ய வேண்டும் என்று முன்பு கூறப்பட்டது. 2020ஆம் ஆண்டு வெளியான வழிகாட்டுதலில் அந்த வரம்பு நீக்கப்பட்டது. எனவே 30 நிமிடத்தை ஒரே வேளையில் நடக்கலாம். 15 நிமிடம் வீதம் இரு வேளைகளிலோ, 10 நிமிடம் வீதம் மூன்று வேளைகளிலோ நடக்கலாம். இரத்த அழுத்தம், உடல் தகுதி ஆகியவற்றைப் பொறுத்தவரை, மொத்த அளவு சமமாக இருந்தால் இவ்விரு முறைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை.

உங்களுக்கு ஏற்ற முறை எது?

பிரித்துச் செய்வது பின்வருவோருக்குப் பெரிதும் உதவும்:

• நீரிழிவு நோயாளிகள்: ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் 10 முதல் 15 நிமிடம் நடப்பது, உணவுக்குப் பின் உயரும் சர்க்கரை அளவைக் குறைக்கும். இன்சுலின் அல்லது சர்க்கரையை மிகவும் தாழச் செய்யும் மாத்திரைகளைப் பயன்படுத்துவோர் முதலில் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.
• மூட்டு வலி, மூச்சுத் திணறல், நீண்ட நாள் சோர்வு உள்ளவர்கள்: 5 நிமிடத்தில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தலாம்.
• பராமரிப்பாளர்கள்: நோயாளி உறங்கும் நேரத்தில் 10 நிமிடம் கிடைத்தாலும் அதனைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

தொடர்ச்சியாக நேரம் கிடைப்பவர்களும், நெடுந்தொலைவு ஓட்டம் போன்றவற்றிற்கு உடலைப் பழக்குபவர்களும் நீண்ட பயிற்சியைத் தேர்ந்தெடுக்கலாம். எம்முறையாயினும் முதலில் மெதுவாகத் தொடங்கி, இறுதியில் வேகத்தைக் குறைத்தே நிறுத்த வேண்டும். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியாத அளவு வேகம் இருக்க வேண்டும். அதுவே மிதமான வேகம். சுற்றுகளை எண்ண டார்வினின் கற்களைப் போலப் புளியங்கொட்டைகளை வைத்துக்கொள்ளலாம்.

உடனிருந்தவரின் பங்கு

எம்மா தம் கணவரின் ஒழுங்கு குலையாமல் காத்தார். ஓய்வு நேரத்தில் அவருக்குப் புதினங்களை உரக்க வாசித்தார். இரவில் இருவரும் பகடை உருட்டி ஆடும் பலகை ஆட்டத்தில் இரண்டு ஆட்டங்கள் ஆடுவர். நீங்கள் ஒருவரைப் பராமரிப்பவரானால், ஏன் நடக்கவில்லை என்று கடிந்து கேட்பதை விட, குறித்த நேரத்தில் உடன் நடப்பது மிகுந்த பயன் தரும்.

கடைசி நடையும் ஓர் எச்சரிக்கையும்

1881ஆம் ஆண்டு டிசம்பரில், லண்டனில் ஒரு நண்பரின் வீட்டு வாசலில் டார்வினுக்கு இதயப் பகுதியில் துன்பம் ஏற்பட்டது. நண்பர் வீட்டில் இல்லை. பணியாளர் உள்ளே வந்து இளைப்பாறுமாறு வேண்டியும், தொந்தரவு கொடுக்க விரும்பாமல் அவர் மறுத்துவிட்டார். சற்றுத் தொலைவு சென்றதும் தள்ளாடி, சாலையோர வேலிக் கம்பியைப் பற்றிக்கொள்ள நேர்ந்தது.

அடுத்த பிப்ரவரி இறுதி முதல், ஏறத்தாழ ஒவ்வொரு பிற்பகலும் நெஞ்சு வலி வந்தது. நாடித் துடிப்பும் சீரற்றிருந்தது. மார்ச் 7ஆம் நாளையொட்டி, வீட்டிற்குச் சற்றுத் தொலைவில் தனியே நடந்தபோது வலி தாக்கியது. பெரும் சிரமத்துடன் வீடு திரும்பினார். அதன்பின் அவரால் மணல் பாதைக்குச் செல்ல இயலவில்லை. 1882ஆம் ஆண்டு ஏப்ரல் 19 அன்று, 73ஆம் வயதில் இதய நோயால் காலமானார்.

அக்காலத்தில் இதய நோய்க்குச் செய்யக்கூடியவை மிகச் சில. இன்று நிலைமை அவ்வாறில்லை. ஆகவே பிறருக்குத் தொந்தரவு என்று எண்ணி வலியை மறைக்காதீர்கள். நடக்கும்போது நெஞ்சில் வலி அல்லது இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வழக்கத்திற்கு மாறான மூச்சுத் திணறல், மயக்கம், குளிர்ந்த வியர்வை ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே நடையை நிறுத்தி அமருங்கள். அருகில் இருப்பவரை அழையுங்கள். சில நிமிடங்களில் நீங்காவிட்டால் 108 அவசர ஊர்தியை அழையுங்கள். ஓய்வெடுத்ததும் வலி நீங்கிவிட்டாலும், மருத்துவரைக் காணாமல் மறுபடி நடையைத் தொடங்க வேண்டாம். இதய நோய் உள்ளவர்கள் தனியே நெடுந்தொலைவு செல்லாமல், வீட்டிற்கு அருகிலேயே சுற்றி நடப்பது நல்லது.

இன்று உங்களால் 10 நிமிடம்தான் இயலும் எனில், அந்த 10 நிமிடத்தில் தொடங்குங்கள். மாலையில் இயன்றால் மீண்டும் ஒரு முறை நடங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, நாளொன்றுக்கு எத்தனை முறை, எத்தனை நிமிடம் நடந்தீர்கள் என்பதைக் குறித்து எடுத்து வாருங்கள். அதனைக் கொண்டு அடுத்த படியை மருத்துவர் உங்களுக்கு வகுத்துத் தருவார்.