மீராபென்னின் மண்குடில்

தெற்கு டெல்லியில் ராமகிருஷ்ணபுரத்தை ஒட்டி முனிர்கா கிராமம் இருக்கிறது. பெயரில்தான் கிராமம். நான்கைந்து அடுக்குகளாக எழும்பிய கட்டடங்கள் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்க, நண்பகலிலும் சந்துகளுக்குள் வெயில் இறங்குவதில்லை. வேலைக்காகவும் படிப்பிற்காகவும் தெற்கிலிருந்து வந்த பலருக்கு அங்கே ஓர் அறைதான் வீடு. நூறு ஆண்டுகளுக்கு முன் அதே முனிர்கா, தலைநகருக்கு வெளியே வயல்களின் நடுவே இருந்த உழவர் ஊர். அந்த நாட்களில்தான், 1926ஆம் ஆண்டின் இறுதியில், இந்தி கற்பதற்காக டெல்லியின் கன்யா குருகுலத்திற்கு ஓர் ஆங்கிலேயப் பெண்மணி வந்து சேர்ந்தார். தலையை மழித்துக் கதர்ச் சேலை உடுத்தியிருந்த அவருக்கு வயது முப்பத்து நான்கு. குரு அவருக்கு இட்ட பெயர் மீரா.

டெல்லிக்கு அவர் விரும்பி வரவில்லை, அனுப்பப்பட்டார். அவரது வாழ்வின் சோதனை முழுவதும் இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

மேடலின் ஸ்லேட் 1892 நவம்பர் 22 அன்று இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை எட்மண்ட் ஸ்லேட் பிரிட்டிஷ் கடற்படையின் உயர் அதிகாரி. தாத்தாவின் பெரிய பண்ணை வீட்டில், குதிரைகளுக்கும் மரங்களுக்கும் நடுவே சிறுமியின் இளமை கழிந்தது. தந்தை கிழக்கிந்தியப் பகுதியின் கடற்படைத் தலைவராக இருந்தபோது பம்பாயிலும் சில காலம் வாழ்ந்ததுண்டு. அந்த விருந்துகளும் நடனங்களும் காட்டிய இந்தியா வேறு. பின்னாளில் அவர் தேடி வந்த இந்தியா வேறு.

இளம்பருவத்தில் அவரை ஆட்கொண்டது பீத்தோவனின் இசை. அந்த இசை மேதையின் வாழ்க்கையை எழுதிய பிரெஞ்சு அறிஞர் ரோமன் ரோலந்தைக் காணச் சுவிட்சர்லாந்துக்குச் சென்றார். தாம் காந்திஜியைப் பற்றி எழுதியிருக்கும் நூலைக் குறித்து ரோலந்து பேச்சினிடையே தெரிவித்தார். மேடலின் அதுவரை அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. நூல் வெளிவந்ததும் ஒரே நாளில் படித்து முடித்தார். செல்ல வேண்டிய இடம் எது என்பது தெரிந்துவிட்டது. உடனே கப்பலில் இடம் பதிவு செய்தார். பிறகு, தாம் இன்னும் தகுதி பெறவில்லை என்று உணர்ந்து பயணத்தைத் தள்ளி வைத்தார். புலால் உணவை விட்டார். தரையில் சம்மணமிட்டு அமரப் பழகினார். நூற்பும் நெசவும் கற்றார். குருவைத் தேடி ஓடுபவர் பலர். குருவிடம் செல்லும் முன் தம்மைப் பக்குவப்படுத்திக்கொள்ள ஓராண்டு காத்திருப்பவர் அரியர். 1925 நவம்பர் 7 அன்று சபர்மதி ஆசிரமத்தில் அவர் காந்திஜியின் காலடியில் பணிந்தார். காந்திஜி அவரை மகளாக ஏற்றுக்கொண்டார்.

கழிப்பிடம் தூய்மை செய்தல், நூற்றல், பஞ்சு அடித்தல் என்று எந்தப் பணியிலும் மீராபென் தயங்கவில்லை. தயக்கம் வேறோரிடத்தில் இருந்தது. பாபுவின் அருகில் இருக்கும்வரை எந்தக் கடினமும் அவருக்கு எளிது. பாபு கண்ணில் படாவிட்டால் எளிய வேலையும் கடினம். காந்திஜி இதைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டார். ஆகவேதான் டெல்லி, அதன்பின் வேறு ஆசிரமங்கள். கடிதங்கள் தவறாமல் வந்தன. அவற்றில் அன்பும் இருந்தது, கண்டிப்பும் இருந்தது. தம் உடலைப் பற்றிக்கொள்ளாமல் தாம் சொல்லும் பணியைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பதே அவற்றின் சாரம். மீராபென் அழுதார், நோயுற்றார், மீண்டும் பணியில் இறங்கினார். இது பல ஆண்டுகள் தொடர்ந்தது.

நம் மரபில் குருபக்தியைப் பற்றி நிறையப் பேசுகிறோம். குருவின் மீதுள்ள பற்றும் ஒரு பற்றுதான் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. திபெத்தின் மகான் மிலரேபா தம் குரு மார்பாவின் கட்டளைப்படி தனி ஆளாகக் கல் சுமந்து கோபுரங்கள் கட்டினார். கட்டியதை இடிக்கச் சொன்னார் குரு. மீண்டும் வேறிடத்தில் கட்டச் சொன்னார். கற்கள் இடம் மாறிய அளவுக்குச் சீடரின் உள்ளமும் மாறியது. மீராபென்னின் கதையிலும் கட்டுவது உண்டு, விடுவது உண்டு. ஆனால் இங்கே குரு எதையும் இடிக்கச் சொல்லவில்லை. கட்டியதை விட்டு அகன்று போகச் சொன்னார். சில வேளைகளில் அது இடிப்பதைவிடக் கடினம்.

1931இல் வட்டமேஜை மாநாட்டிற்குக் காந்திஜியுடன் லண்டன் சென்றதும், அதன்பின் சிறை சென்றதும் நாடறிந்தவை. நம் கதை வார்தாவில் தொடங்குகிறது. காந்திஜி கிராமப் பணியில் முழுமையாக இறங்க முடிவு செய்தபோது, மீராபென் வார்தாவை அடுத்த சிந்தி என்ற ஊரில் குடியிருந்து அதன் பாதைகளைத் துப்புரவு செய்துவந்தார். பிறகு இன்னும் உள்ளொதுங்கிய சேகாவ்ன் என்னும் ஊருக்குச் சென்றார். அது ஜம்னாலால் பஜாஜின் நிலங்கள் இருந்த சிற்றூர். சாலை இல்லை, மழை பெய்தால் கரிசல் மண் கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஊரிலேயே தாமும் வந்து வாழ விரும்பினார் காந்திஜி.

1936 மார்ச்சில் ஜம்னாலால்ஜிக்கு எழுதிய கடிதத்தில் அவர் சில நிபந்தனைகளை விதித்தார். தமக்கான குடிசைக்கு இயன்றவரை குறைவாகவே செலவிட வேண்டும்; எக்காரணம் கொண்டும் நூறு ரூபாயைத் தாண்டக் கூடாது. வேண்டிய உதவியை அந்த ஊரிலிருந்தே பெற வேண்டும். மீராபென் தமக்குத் தனிப்பட்ட பணிவிடை செய்வதில் காலத்தைச் செலவிடக் கூடாது. அதாவது, பாபு வருமுன் வீடு ஆயத்தமாக வேண்டும். அவர் வந்தபின் மகள் வேறோர் ஊருக்குப் போய்விட வேண்டும்.

மீராபென் அந்த வீட்டைக் கட்டுவித்தார். ஆதி நிவாஸ் என்று இன்று அழைக்கப்படும் ஒரே பெரிய அறை அது. ஊர் மக்களே வேலையாட்கள். ஊரின் மண்ணே சுவர். மண்வீடு என்றால் கையில் கிடைத்ததை அப்பிக் கட்டுவது என்று நகரத்தில் பிறந்தவர்கள் எண்ணக்கூடும். உண்மை அவ்வாறன்று. கரிசல் மண் நீர் பட்டால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதை அறியாமல் எழுப்பிய சுவர் ஒரு மழைக்காலத்தைத் தாங்காது. மண்ணோடு வைக்கோலைக் கலந்து மிதித்துப் புளிக்க வைத்து, ஒரு வரிசை காய்ந்தபின்தான் அடுத்த வரிசையை ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் சுவர் சாயும். மழைச்சாரல் சுவரைத் தொடாதவாறு கூரையை நாற்புறமும் தாழ இறக்கித் தாழ்வாரம் அமைக்க வேண்டும். பூச்சுக்குப் பசுஞ்சாணம் வேண்டும். விதர்ப்பத்தின் கோடையில் வெயில் 45 பாகையைத் தொடும்போதும் தடித்த மண்சுவருக்குள் குளுமை நிற்கும். இவற்றை எந்தப் பொறியாளரும் மீராபென்னுக்குக் கற்பிக்கவில்லை, ஊரார் கற்பித்தனர். கடற்படைத் தளபதியின் மகள், அந்நாட்டின் பேரரசு ஆண்டுவந்த ஒரு மூலையில், எழுத்தறியாத உழவர்களிடம் மாணவியாக நின்றார்.

1936 ஏப்ரல் 30 அன்று காந்திஜி வார்தாவிலிருந்து நடந்தே சேகாவ்ன் வந்தார். மழைக்காலம் தொடங்கியபோது ஆதி நிவாஸில் குடியேறினார். மீராபென் சொன்ன சொல்லைக் காத்தார்: அடுத்திருந்த வரோடா என்ற ஊருக்கு அருகில் தமக்கென ஒரு சிறு குடிசை அமைத்துக்கொண்டு அங்கே சென்றார். பாபு இருக்கும் இடம் நடைதொலைவில். ஆனால் அங்கே ஓடக் கூடாது. அந்தச் சிறு தொலைவைக் கடக்காமல் இருப்பதற்கு எத்தகைய வலிமை வேண்டியிருந்திருக்கும் என்பதை, யாரையேனும் உயிராக நேசித்தவர்களே அறிவர். உடல் அதைத் தாங்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. டைபாய்டு காய்ச்சல் கண்டு, மீண்டும் சேகாவ்னுக்கே வந்து சேர்ந்தார்.

உடல் தேறியபின் அவர் சேகாவ்னிலேயே தமக்கு ஒரு குடில் கட்டினார். இம்முறை தம் மனத்தில் இருந்த வடிவத்தை முழுவதும் வெளிக்கொணர்ந்தார். தாழ்ந்த கூரை, நாட்டு ஓடு, மூங்கில், தாழ்வாரங்கள், ஊர்ப்பிள்ளைகளுக்கு நூற்பும் பஞ்சு அடித்தலும் சொல்லித்தர இடம். சுவரின் ஈர மண்ணில் தம் கைகளாலேயே பனைமரங்களையும் இராட்டையையும் புடைப்பாக வடித்தார். அவருக்கென்று அவர் செய்துகொண்ட முதல் அழகிய பொருள் அதுவாகவே இருக்கலாம்.

அந்தக் குடிலும் அவரிடம் தங்கவில்லை. ஆதி நிவாஸில் விருந்தினரும் நோயாளிகளும் பெருகி இடம் போதாமல் போனது. மீராபென்னின் குடில் காந்திஜிக்கு ஆயிற்று. தேவைக்கேற்ப அது சற்று விரிவாக்கப்பட்டது. சிறைவாசமும் பயணங்களும் போக, 1946இல் சேவாகிராமத்தை விட்டுச் செல்லும்வரை காந்திஜி பெரும்பாலும் வாழ்ந்தது அங்கேதான். உலகின் பல நாடுகளிலிருந்து வந்த தலைவர்கள் அந்தத் தரையில் பாயின்மீது அமர்ந்து பேசினர். 1940இல் ஊரின் பெயர் சேவாகிராமம் என்று மாறியது. குடிலின் பெயர் பாபு குடில் என்று மாறியது. 1978இல் அங்கே வந்த சிந்தனையாளர் இவான் இலிச், அந்தக் குடிலுக்குள் அமர்ந்து அதன் செய்தியைத் தாம் உள்வாங்க முயன்றதாகக் கூறி, வசதிகள் பெருகப் பெருக மனிதன் தன் வலிமையை இழப்பதைக் குறித்து உரையாற்றினார். காந்திஜியின் எளிமைக்குச் சான்றாக இன்றும் நாம் காட்டும் அந்த வீட்டை வடிவமைத்தவர் வேறொருவர் என்பது பலருக்கும் தெரியாது.

தம் கைப்பட அமைத்த குடிலைக் குருவுக்கு அளிப்பது ஒரு சீடருக்குப் பேறு அல்லவா என்று கேட்கலாம். பேறுதான். ஆனால் அத்துடன் மீராபென்னின் போராட்டம் முடிந்துவிடவில்லை. அதை மறைத்துவிட்டு அவரைப் புனிதவதியாக மட்டும் வரைவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில், காந்திஜியிடம் வந்து சேர்ந்த ஒரு புரட்சியாளரிடம் அவர் மனம் சென்றது. மணம் புரிந்துகொள்ளவும் விரும்பினார். மறுபக்கம் அதை ஏற்கவில்லை. காந்திஜி அவரைப் பழிக்கவில்லை. மீராபென் தனிமையையும் நீண்ட மௌனத்தையும் நாடினார். இமயத்தின் அடிவாரத்தில் பாலம்பூரிலும், பின்னர் சௌராஷ்டிரக் கடற்கரையில் சோர்வாட் என்ற ஊரிலும் தங்கி நம் புராதன நூல்களைக் கற்றார். கூரையும் சுவரும் தரும் அடைக்கலம் எதுவரை என்பதை அவர் அங்கேதான் அளந்திருக்க வேண்டும்.

1942 ஆகஸ்டில் காந்திஜியுடன் ஆகாகான் மாளிகையில் சிறை. மகாதேவ தேசாயும் கஸ்தூரி பாயும் அங்கேயே மறைந்தனர். 1944இல் விடுதலையானதும் மீராபென் ஒரு புதிய முடிவுடன் வடக்கே சென்றார். இம்முறை அவரை யாரும் அனுப்பவில்லை. ரூர்க்கிக்கும் ஹரித்துவாருக்கும் இடைப்பட்ட பகுதியில் கிசான் ஆசிரமம், பிறகு ரிஷிகேசத்தை அடுத்துக் கால்நடைகளுக்கான பசுலோகம், 1950களில் பிலங்கனா பள்ளத்தாக்கில் கோபால் ஆசிரமம் என்று ஒன்றன்பின் ஒன்றாக அமைத்தார். மலைச்சரிவுகளில் கருவாலி மரங்கள் அழிந்து பைன் பரவுவதையும், அதனால் மண் நீரைப் பிடித்துவைக்கும் ஆற்றலை இழந்து வெள்ளம் பெருகுவதையும் கண்டு எழுதினார். இமயக் காடுகளைப் பற்றிய எச்சரிக்கைகளில் அது மிக முந்தியது.

1947இன் பிற்பகுதியில் அவர் டெல்லியில், பிர்லா மாளிகையில், நோயுற்ற உடலோடு பாபுவின் அருகில் சில வாரங்கள் இருந்தார். உடல் தேறியபின் ரிஷிகேசம் திரும்பினார். அடுத்த சந்திப்பு நிகழவில்லை. 1948 ஜனவரி 30 அன்று மாலை செய்தி பசுலோகத்தை எட்டியது. டெல்லி தொலைவில் இல்லை, புறப்பட்டிருக்கலாம். லட்சக்கணக்கானோர் யமுனைக் கரையில் திரண்டனர். மீராபென் புறப்படவில்லை. இறுதித் தரிசனத்தில் பொருளில்லை என்று காந்திஜி தமக்கு முன்பே உணர்த்தியிருந்ததை நினைத்து, இருந்த இடத்திலேயே இருந்தார். வரோடாவில் ஒரு நடைதொலைவைத் தாங்க முடியாமல் நோயில் விழுந்தவர் அவர்.

1959இல் அவர் இந்தியாவிலிருந்து விடைபெற்றார். வியன்னாவை அடுத்த மலைக்காட்டின் ஓரத்தில், பீத்தோவன் உலாவிய மண்ணில், சில அறைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அங்கே அவர் எந்தக் குடிலும் கட்டவில்லை. இந்திய அரசு பத்மவிபூஷண் விருது அளித்தது. 1982 ஜூலை 20 அன்று உயிர் நீத்தார்.

மண்வீட்டுக்கு ஓயாத கவனிப்பு வேண்டும். மெழுகாமல் விட்டால் சில மழைகளில் கரைந்துவிடும். சேவாகிராமத்தில் அந்தச் சுவர்களைச் சிலர் இன்றும் மெழுகிக் காத்துவருகிறார்கள். மீராபென்னின் விரல்கள் வடித்த பனைமரங்கள் பாபு குடிலின் சுவரில் நிற்கின்றன.