வீரபாண்டிய கட்டபொம்மன்

வீரபாண்டிய கட்டபொம்மன் (ஜனவரி 3, 1760 - அக்டோபர் 16, 1799) 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாஞ்சாலங்குறிச்சியை ஆண்ட பாளையக்காரர் ஆவார். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வரி வசூல் அதிகாரத்தை ஏற்க மறுத்துப் போரிட்டு, கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய மறைவிற்குப் பின் கம்பெனியார் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கி, ஊர்ப் பெயரையும் மாவட்டப் பதிவேடுகளிலிருந்து நீக்கினர். எனினும் கரிசல் நாட்டு மக்களின் கதைப்பாடல்கள், வழிபாடுகள் ஆகியவற்றின் வழியாக அவரைப் பற்றிய நினைவு அழியாமல் நின்றது.

பாஞ்சாலங்குறிச்சிப் பாளையம்

பாஞ்சாலங்குறிச்சி தூத்துக்குடி மாவட்டத்தில் ஒட்டப்பிடாரத்திற்கு அருகில் உள்ளது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஒட்டப்பிடாரம் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள இப்பகுதி கரிசல் மண் நிறைந்த மானாவாரி நிலமாகும். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தியும் கம்பும் இங்கு பயிரிடப்பட்டு வந்தன. மழை பொய்த்தால் விளைச்சல் இல்லை. விளைச்சல் இல்லையெனில் வரி செலுத்துவதும் கடினம்.

மதுரை விசுவநாத நாயக்கர் காலத்தில் (1529 - 1564), தளவாய் அரியநாத முதலியார் துணையுடன் நாடு 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது. திருநெல்வேலிச் சீமையின் மேற்குப் பாளையங்களைப் பெரும்பாலும் மறவர்களும், கிழக்கே கரிசல் நிலத்தில் அமைந்த பாளையங்களைப் பெரும்பாலும் தெலுங்கு பேசும் நாயக்கர்களும் ஆண்டனர். எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம், சாத்தூர் ஆகியன கிழக்குப் பாளையங்களுள் குறிப்பிடத்தக்கவை. வரி தண்டுதல், ஊர்க் காவல், வழக்குத் தீர்த்தல் ஆகிய பொறுப்புகள் பாளையக்காரர்களிடம் இருந்தன.

இளமையும் ஆட்சியும்

கட்டபொம்மன் இராஜகம்பளத்து நாயக்கர் மரபைச் சேர்ந்தவர். தந்தை ஜெகவீர கட்டபொம்மன், தாய் ஆறுமுகத்தம்மாள். குமாரசாமி என்ற ஊமைத்துரையும் துரைச்சிங்கமும் உடன்பிறந்த தம்பியர். ஈசுவரவடிவு, துரைக்கண்ணு ஆகியோர் சகோதரிகள். மனைவி வீரசக்கம்மாள். தந்தைக்குப் பின் பிப்ரவரி 2, 1790 அன்று கட்டபொம்மன் பாளையக்காரராகப் பொறுப்பேற்றார். தானாபதியாக (அமைச்சராக) இருந்தவர் சுப்பிரமணிய பிள்ளை.

இவர்களின் குலதெய்வம் வீரசக்கதேவி. கட்டபொம்மன் திருச்செந்தூர் முருகனிடமும் பெரும் பற்றுக் கொண்டவர். திருச்செந்தூரில் உச்சிக்கால பூசை நடப்பதை உடனுக்குடன் அறிந்துகொள்ள, வழி நெடுக மணி மண்டபங்கள் அமைத்து ஒன்றன்பின் ஒன்றாக மணி ஒலிக்கச் செய்தார் என்று கூறப்படுகிறது.

கம்பெனியுடன் மோதல்

ஆற்காட்டு நவாபு முகமது அலி, போர்ச் செலவுகளுக்காகக் கம்பெனியிடம் பெருங்கடன் பட்டிருந்தார். 1792ஆம் ஆண்டு ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, பாளையக்காரர்களிடமிருந்து கப்பம் வசூலிக்கும் உரிமை கம்பெனிக்குக் கிடைத்தது. பாளையக்காரர்களின் ஒப்புதல் பெறாமலே இந்த உரிமை கைமாறியது. இதுவே பின்னர் நடந்த போர்களுக்கு அடிப்படைக் காரணமாகும். எட்டயபுரத்துடன் இருந்த எல்லைத் தகராறில் கம்பெனி எட்டயபுரத்தின் பக்கம் நின்றதும் பகையை வளர்த்தது.

1798ஆம் ஆண்டில் கட்டபொம்மன் செலுத்த வேண்டிய நிலுவை 3310 பகோடாக்கள் எனக் கம்பெனி கணக்கிட்டது. கலெக்டர் ஜாக்சன் அவரை நேரில் வருமாறு ஆணையிட்டார். ஆனால் குற்றாலம், சொக்கம்பட்டி, சிவகிரி, சிறீவில்லிபுத்தூர் எனக் கலெக்டர் செல்லுமிடமெல்லாம் 23 நாட்கள் பின்தொடர்ந்தும் கட்டபொம்மனுக்குப் பேட்டி கிடைக்கவில்லை. இறுதியில் செப்டம்பர் 10, 1798 அன்று இராமநாதபுரம் அரண்மனையில் சந்திப்பு நிகழ்ந்தது. நிலுவையில் பெரும்பகுதி செலுத்தப்பட்டு 1080 பகோடாக்களே மீதமிருப்பது கணக்குப் பார்த்தபோது தெரியவந்தது. இருப்பினும் அவரைச் சிறைபிடிக்க முயற்சி நடந்தது. அப்போது ஏற்பட்ட கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பினார், தானாபதி பிள்ளை பிடிபட்டார்.

கட்டபொம்மன் சென்னை அரசுக்கு முறையிட்டார். அரசு அமைத்த விசாரணைக் குழு அவர் மீது குற்றம் இல்லை என முடிவு செய்தது. தானாபதி பிள்ளை விடுவிக்கப்பட்டார். ஜாக்சன் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். லூசிங்டன் புதிய கலெக்டரானார்.

இராமநாதபுரத்தில் ஜாக்சனும் கட்டபொம்மனும் பேசியதாக இன்று பரவலாக அறியப்படும் உரையாடல் நாடகத்திற்கும் திரைப்படத்திற்கும் எழுதப்பட்ட வசனமாகும். அது ஆவணப் பதிவு அன்று.

1799ஆம் ஆண்டுப் போர்

சிவகங்கைச் சீமையின் மருது சகோதரர்கள், திண்டுக்கல் கோபால நாயக்கர் முதலியோர் ஆங்கிலேயருக்கு எதிராக ஓர் அணியை உருவாக்கி வந்தனர். கட்டபொம்மன் அவர்களுடன் தொடர்பு கொண்டார். இதனை அறிந்த லூசிங்டன் அவரை மீண்டும் நேரில் வருமாறு அழைத்தார். அவர் வராமையால் படையெடுப்புக்கு ஆணையிடப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்திருந்ததால், கம்பெனி தன் கவனத்தைத் தெற்கே திருப்ப முடிந்தது.

மேஜர் பானர்மேன் தலைமையிலான படை செப்டம்பர் 5, 1799 அன்று பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியது. முதல் தாக்குதல் முறியடிக்கப்பட்டது; ஆங்கிலேய அதிகாரிகள் சிலர் உயிரிழந்தனர். பீரங்கிகளுடன் கூடுதல் படை வருவதை அறிந்த கட்டபொம்மன், கோட்டையை விட்டு வெளியேறினார். கோலார்பட்டியில் நடந்த சண்டையில் தானாபதி பிள்ளை பிடிபட்டு, செப்டம்பர் 13 அன்று நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார்.

கட்டபொம்மன் புதுக்கோட்டைப் பகுதிக் காடுகளில் மறைந்திருந்தபோது, புதுக்கோட்டை அரசர் விசய ரகுநாத தொண்டைமானின் ஆட்களால் பிடிக்கப்பட்டு ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டார். அக்டோபர் 16, 1799 அன்று கயத்தாற்றில், பிற பாளையக்காரர்கள் முன்னிலையில் பானர்மேன் விசாரணை நடத்தினார். கட்டபொம்மன் தம் செயல்களை மறுக்கவில்லை, மன்னிப்பும் கோரவில்லை. அங்கிருந்த புளியமரத்தில் அவர் தூக்கிலிடப்பட்டார். பாளையக்காரர்களை அச்சுறுத்தவே அனைவரையும் வரவழைத்து இத்தண்டனை நிறைவேற்றப்பட்டது.

ஊமைத்துரையும் கோட்டையின் அழிவும்

பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த ஊமைத்துரை, பிப்ரவரி 2, 1801 அன்று தப்பினார். இடிக்கப்பட்டிருந்த கோட்டை ஏறத்தாழ ஒரு வாரத்திற்குள் மீண்டும் எழுப்பப்பட்டது. போரில் பங்கேற்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி, 1830இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் இக்கோட்டையை விவரித்துள்ளார். அவர் தரும் அளவுகளின்படி கோட்டை ஏறக்குறைய 500 அடி நீளமும் 300 அடி அகலமும் கொண்டது. சுவர்கள் சுமார் 12 அடி உயரம். கல் கொண்டு கட்டப்படாமல், இறுகிப் பிடிக்கும் மண்ணாலேயே அது அமைந்திருந்தது. அம்மண் கோட்டை, பல மாதங்கள் கம்பெனிப் படையைத் தடுத்து நிறுத்தியது.

மேஜர் மெக்காலேயின் தாக்குதல்கள் தோல்வியுற்றன. பின்னர் கர்னல் அக்னியூ தலைமையில் பெரும்படை வந்தது. மே 24, 1801 அன்று கோட்டை வீழ்ந்தது. காயமுற்றுக் களத்தில் கிடந்த ஊமைத்துரையை ஒரு சிற்றூர்ப் பெண் காப்பாற்றினார் என்றும், தேடி வந்தவர்களிடம் அம்மை நோயால் இறந்தவரின் உடல் என்று கூறித் திருப்பி அனுப்பினார் என்றும் வெல்ஷ் எழுதியுள்ளார். ஊமைத்துரை மருது சகோதரர்களிடம் அடைக்கலம் புகுந்தார். அவர்களும் தோற்ற பின், நவம்பர் 16, 1801 அன்று பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார்.

கோட்டை மீண்டும் இடிக்கப்பட்டு, அந்த இடம் உழப்பட்டு ஆமணக்கு விதைக்கப்பட்டது. பாஞ்சாலங்குறிச்சி என்னும் பெயர் மாவட்டப் பதிவேடுகள் அனைத்திலிருந்தும் நீக்கப்பட்டது. கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்று நூலில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

நினைவு நிலைத்த வழி

பதிவேட்டில் இல்லாத ஊரைக் கதைப்பாடல்கள் காத்தன. கட்டபொம்மன், ஊமைத்துரை, தானாபதி பிள்ளை ஆகியோரின் கதை கரிசல் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டது. கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்ட இடத்தில் வழிப்போக்கர்கள் ஆளுக்கொரு கல்லை இட்டுச் சென்றதால் ஒரு கற்குவியல் உருவானது என்பது செவிவழிச் செய்தி.

20ஆம் நூற்றாண்டில் ஒட்டப்பிடாரத்தைச் சேர்ந்த செகவீரபாண்டியனார் பாஞ்சாலங்குறிச்சி வீர சரித்திரம் என்னும் நூலை எழுதினார். ம. பொ. சிவஞானம் கட்டபொம்மனின் வரலாற்றை எழுதித் தமிழகமெங்கும் பரப்பினார். பி. ஆர். பந்துலு இயக்கிச் சிவாஜி கணேசன் நடித்த திரைப்படம் 1959இல் வெளிவந்தது. அதில் நடித்தமைக்காக 1960இல் கெய்ரோ ஆசிய - ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜி கணேசன் சிறந்த நடிகருக்கான விருது பெற்றார். நா. வானமாமலை கதைப்பாடலைப் பதிப்பித்தார்.

நினைவுச் சின்னங்கள்

1. பழைய கோட்டை: தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1968 - 69ஆம் ஆண்டுகளில் பாஞ்சாலங்குறிச்சியில் அகழாய்வு நடத்தியது. அரண்மனைக் கட்டடத்தின் அடித்தளப் பகுதிகள் வெளிப்பட்டன.

2. நினைவுக் கோட்டை: 1974இல் தமிழ்நாடு அரசால் கட்டப்பட்டது. இது பழைய கோட்டையன்று. அதன் நினைவாக எழுப்பப்பட்ட புதிய கட்டடமாகும்.

3. வீரசக்கதேவி ஆலயம்: பாஞ்சாலங்குறிச்சியில் உள்ளது. ஆண்டுதோறும் இங்கு நடைபெறும் விழாவில் சுற்றுவட்டார மக்கள் திரளாகப் பங்கேற்கின்றனர்.

4. ஆங்கிலேயர் கல்லறைகள்: போரில் மாண்ட கம்பெனி வீரர்களின் கல்லறைகள் கோட்டைக்கு அருகில் உள்ளன.

5. கயத்தாறு: சிவாஜி கணேசன் இங்கு நிலம் வாங்கிக் கட்டபொம்மனுக்குச் சிலை எழுப்பினார்.

6. திருச்செந்தூர் மணி: கட்டபொம்மனுக்கு உரியதாகக் கூறப்படும் பெரிய மணி, திருச்செந்தூர் கோயில் இராசகோபுரத்தில் உள்ளது.

மறைந்த 200ஆம் ஆண்டு நினைவாக, 1999இல் இந்திய அஞ்சல் துறை இவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது. திருநெல்வேலி அருகே விசயநாராயணத்தில் 1990இல் தொடங்கப்பட்ட இந்தியக் கடற்படைத் தளமும் இவர் பெயரையே கொண்டுள்ளது.

மாறுபட்ட கருத்துகள்

கட்டபொம்மன் பிற பாளையங்களின் ஊர்களைக் கொள்ளையிட்டவர் என்று கம்பெனி ஆவணங்கள் கூறுகின்றன. இக்கருத்தை ஏற்று எழுத்தாளர் தமிழ்வாணன் ஒரு நூல் எழுதினார். 1800 - 1801 காலக் கிளர்ச்சியை ஆய்ந்த வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன், அதனை முதல் விடுதலைப் போர் என மதிப்பிட்டுள்ளார். கம்பெனியின் ஆவணங்கள் வென்றவர் எழுதியவை. கதைப்பாடல்களோ போற்றிப் பாடப்பட்டவை. எனவே இரண்டையும் இடிபாடுகள் முதலிய தடயங்களுடன் ஒப்பிட்டு ஆராய வேண்டியுள்ளது. எஞ்சியுள்ள மண் அடித்தளங்களும் கல்லறைகளும் பாதுகாக்கப்பட வேண்டியதன் தேவை இதனாலேயே மிகுதியாகிறது.