கணக்கு வாத்தியார் கட்டிய நூலகம்

சீர்காழி என்றதும் பக்தர்களுக்குத் திருஞானசம்பந்தர் நினைவுக்கு வருவார். கீர்த்தனை பாடுவோர்க்கு முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் நினைவுக்கு வருவர். நம் அப்பா தலைமுறைக்கோ, வெண்கலக் குரலெடுத்துப் பாடிய கோவிந்தராசன் வந்துவிடுவார். அதே ஊரில் பிறந்து, இன்று உலகெங்கும் நூலகவியல் படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் முதல் பாடத்திலேயே சந்திக்கும் ஒருவரை மட்டும் நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. அவர்தாம் சீர்காழி இராமாமிர்த அரங்கநாதன்.

நான் கணிதம் பயிலும் இரண்டாம் ஆண்டு மாணவன். எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நானே. அடுத்த ஆண்டு பட்டம் பெற்றதும் நூலகவியல் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது என் எண்ணம். இதை வெளியில் சொன்னால் உடனே வரும் கேள்வி, புத்தகம் எடுத்துக் கொடுப்பதற்கு ஒரு படிப்பா என்பதுதான். அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆகவே பதில் சொல்லக் கூடியவரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

அரங்கநாதன் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிறந்தார். அப்போது சீர்காழி தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்தது. 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். உள்ளூர்ச் சபாநாயக முதலியார் இந்து உயர்நிலைப்பள்ளியில் படித்தார். பேச்சில் திக்குவாய் இருந்தது. பின்னாளில் நாடு நாடாகச் சென்று சொற்பொழிவாற்றிய மனிதருக்கு இளமையில் ஒரு வாக்கியத்தைத் தடையின்றிச் சொல்வதே பெரும்பாடு! பையப் பைய அதை அவர் வென்றார்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பி.ஏ.யும் எம்.ஏ.யும் கணிதத்தில் தேறினார். அங்கே அவருக்கு எட்வர்டு ராஸ் என்ற பேராசிரியர் வாய்த்தார். ஆசிரியர் ஒருவர் மாணவனின் வாழ்க்கையில் எவ்வளவு தூரம் கூட வர முடியும் என்பதற்கு ராஸ் ஓர் எடுத்துக்காட்டு. அவரைப் பற்றிப் பின்னால் மறுபடியும் சொல்வேன். சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி முடித்து, 1917இல் மங்களூர் அரசினர் கல்லூரியில் அரங்கநாதன் பணியில் சேர்ந்தார். பிறகு கோயம்புத்தூர், 1921 முதல் சென்னை மாநிலக் கல்லூரி. அக்காலத்தில் கல்லூரி ஆசிரியர்க்கு ஊதியம் மிகக் குறைவு.

1923ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவி ஒன்றை ஏற்படுத்தியது. ஊதியம் கூடுதல். வந்த விண்ணப்பங்கள் சுமார் தொள்ளாயிரம். அத்தனை பேரில் ஒருவர்கூட நூலகப் பயிற்சி பெற்றவரல்லர். எங்கே பெறுவது? பரோடாவில் 1911இலும் இலாகூரில் 1915இலும் அமெரிக்கர்கள் வந்து வகுப்புத் தொடங்கியிருந்தார்கள் என்றாலும், தென்னாட்டில் அத்தகைய வாய்ப்பு மிக அரிது. அரங்கநாதனும் விண்ணப்பம் போட்டுவிட்டு மறந்து போனார். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்த பிறகு, பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சென்றாராம். அவ்வளவுதான் அவருடைய தயாரிப்பு. போட்டித் தேர்வுக்கு முதல் நாள் இரவு புத்தகம் புரட்டும் நம் நண்பர்கள் சிலர் இதைப் படித்துத் தெம்பு கொள்ளலாம். ஆனால் அவர் கையில் கணித ஆராய்ச்சிக் கட்டுரைகள் சில இருந்தன என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆராய்ச்சி நோக்குடைய ஒருவரையே தேர்வுக் குழு விரும்பியது.

1924 சனவரியில் பதவி ஏற்றார். ஏற்ற சில நாட்களிலேயே மனம் நொந்தார். வகுப்பறையின் கலகலப்பில் பழகியவருக்கு, ஆளரவமற்ற அறையில் அடுக்கிக் கிடந்த புத்தகங்களோடு நாள் முழுதும் உட்கார்ந்திருப்பது தண்டனையாக இருந்தது. பழைய கணித ஆசிரியர் வேலையையே திருப்பிக் கொடுங்கள் என்று மன்றாடினார். இலண்டன் சென்று நூலகப் பயிற்சி பெற்று வரட்டும், வந்த பின்னும் பிடிக்கவில்லையென்றால் பழைய வேலைக்கே திரும்பலாம் என்று உடன்பாடு ஆயிற்று. இந்தத் துறையின் முதல்வரே இத்துறையை விட்டு ஓடப் பார்த்தவர் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறக்கும்போதே நூலகர் என்று எவரும் இல்லை போலும்.

அந்த ஆண்டே கப்பலேறி, இலண்டன் பல்கலைக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே பகுப்பியல் கற்பித்தவர் பெர்விக் சேயர்ஸ். அவர் குராய்டன் பொது நூலகத்தின் தலைவரும்கூட. இந்திய மாணவரின் மனம் வகுப்பறையில் மட்டும் நிற்காது என்று கண்டுகொண்ட அவர், தம் நூலகத்தையே திறந்துவிட்டார். அரங்கநாதன் பல ஊர் நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். குழந்தைகளும் தொழிலாளரும் இல்லத்தரசியரும் தாராளமாக உள்ளே வந்து தமக்கு வேண்டியதை எடுத்துப் படிப்பதை அங்கே கண்டார். நம் நாட்டில் புத்தகம் பூட்டிய அலமாரிக்குள் இருந்த காலம் அது. நூலகம் என்பது ஒரு நாட்டின் படிப்பையே மாற்றக் கூடிய கருவி என்று அவருக்குப் புரிந்தது அங்கேதான். அதன் பிறகு கணிதத்துக்குத் திரும்பும் பேச்சே எழவில்லை.

ஆனால் அங்கேயும் ஒரு குறை அவர் கண்ணில் பட்டது. புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்க அமெரிக்கர் மெல்வில் டூயி 1876இல் ஒரு தசம முறையை வெளியிட்டிருந்தார். அறிவு முழுவதையும் பத்துப் பெரும் பிரிவாக்கி, ஒவ்வொன்றையும் பத்துப் பத்தாகப் பிரிக்கும் முறை அது. முன்கூட்டியே அறைகள் கட்டி வைத்த வீடு என்று சொல்லலாம். புதிதாக ஒரு பொருள் பிறந்தால் அதற்கு அறை இல்லை. எங்காவது ஒரு மூலையில் இடித்துப் பிடித்து உட்கார வைக்க வேண்டும்.

இலண்டனில் செல்ஃபிரிட்ஜ் என்ற பெரிய கடையில் ஒருநாள் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். துளையிட்ட தகடுகள், சில சக்கரங்கள், திருகாணிகள். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டி ஒருமுறை வண்டியும் மறுமுறை பாலமும் செய்யலாம். புத்தகப் பொருளையும் இப்படி ஏன் செய்யக் கூடாது? தயாராக இருக்கும் அறைகளுக்குப் பதிலாகச் சிறு சிறு உறுப்புகளை வைத்துக்கொண்டு, தேவைக்கேற்பப் பூட்டிக்கொண்டால் போதுமே! பூட்டும் திருகாணியாக முக்காற்புள்ளியை வைத்தார். கோலன் பகுப்புமுறை பிறந்த கதை இதுதான்.

இதை ஒரு எடுத்துக்காட்டால் விளக்க முயல்கிறேன். தஞ்சை மாவட்டத்தில் 1950களில் நெற்பயிர் நோயைத் தடுத்தது பற்றி ஒரு புத்தகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் நெல் ஓர் உறுப்பு, நோயும் தடுப்பும் செயல் சார்ந்த உறுப்புகள், தஞ்சை இடம், 1950கள் காலம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியீடு. வரிசையாகப் பூட்டினால் அந்தப் புத்தகத்தின் எண் கிடைத்துவிடும். நாளை கோதை என்பவர் கரும்பு நோயைப் பற்றி எழுதினால், நெல்லுக்குரிய குறியை எடுத்துவிட்டுக் கரும்பின் குறியைப் பூட்டினால் முடிந்தது. கணக்கு படிப்பவர்களுக்கு இது ஒன்றும் புதிதாக இராது. சில மாறிகளை வைத்துக்கொண்டு எத்தனையோ கோவைகளை எழுதுகிறோம் அல்லவா? உறுப்புகளை முதன்மை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ஐந்து வகையாக அவர் பின்னாளில் வரையறுத்தார்.

1925இல் திரும்பினார். கோலன் பகுப்பைப் பல்கலைக்கழக நூலகத்திலேயே நடைமுறையில் சோதித்து, 1933இல் நூலாக வெளியிட்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்நூலகத்தில் இருந்தார். வாரத்தில் ஏழு நாளும் வேலை, ஒருநாளைக்குப் பதின்மூன்று மணி நேரம், ஒரு நாள் விடுப்புக்கூட எடுக்கவில்லை என்று எழுதுகிறார்கள். 1928இல் முதல் மனைவி உருக்மிணி திருவல்லிக்கேணிக் கோயில் குளத்தில் நேர்ந்த விபத்தில் இறந்தார். மறு ஆண்டு சாரதா அம்மையாரை மணந்தார். இத்தனை உழைப்புக்கு நடுவே அந்த வீட்டுப் பெண்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்காமல் என்னால் இந்தப் பகுதியைக் கடக்க முடியவில்லை.

1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. அவ்வாண்டில்தான் ராஸ் மறுபடியும் வருகிறார். நூலகச் செயல்கள் எண்ணற்றவை. அவற்றை எல்லாம் கணிதத்தில் உள்ளதுபோல் சில அடிப்படை விதிகளுக்குள் அடக்க வேண்டும் என்று அரங்கநாதன் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். பார்க்க வந்த பழைய ஆசிரியர், புத்தகம் பயன்படுவதற்கே என்பதுதானே உன் முதல் விதி என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாராம். மற்ற நான்கும் அதிலிருந்து மளமளவென்று வந்தன. படிப்பவர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிட்ட வேண்டும். நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் கிட்ட வேண்டும். வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிரி. இவ்வைந்தையும் விளக்கும் நூல் 1931இல் வெளிவந்தது. பார்ப்பதற்கு இவை எல்லார்க்கும் தெரிந்தவையாகத் தோன்றும். முதல் விதியை மட்டும் வைத்துக்கொண்டு, பூட்டிய அலமாரியின் முன் ஒருமுறை நின்று பாருங்கள். அது எவ்வளவு சூடானது என்று விளங்கும்.

இனி நான் தேடி வந்த செய்தி. 1929இல் நூலகச் சங்கத்தின் சார்பில் கோடை வகுப்பாக ஒரு பயிற்சியை அரங்கநாதன் தொடங்கினார். 1931இல் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. 1937இல் அது பட்டதாரிகளுக்கான ஓராண்டுப் பட்டயப் படிப்பாயிற்று. நம் நாட்டில் அத்தகைய முதல் படிப்பு அது. தமக்குக் கிட்டாத படிப்பைப் பின்னால் வருபவர்க்கு அவரே உண்டாக்கினார்.

1945இல் பணியிலிருந்து விலகிய பின், இராதாகிருஷ்ணன் அழைப்பின்பேரில் காசி இந்துப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே ஏறத்தாழ ஓர் இலட்சம் நூல்களைத் தாமே பகுத்து முடித்தார் என்பர். 1947இல் தில்லிப் பல்கலைக்கழகம். அங்கே முதுகலைப் பட்டமும் ஆராய்ச்சிப் பட்டமும் நூலகவியலில் ஏற்பட அவரே காரணம். இந்தியாவில் இத்துறையின் முதல் முனைவர் பட்டம் 1957இல் அங்கே வழங்கப்பட்டது.

நடுவே ஒரு செய்தியை விட்டுவிட்டேன். 1948இல் கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் காலத்தில் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. இந்திய மாநிலங்களில் முதல் நூலகச் சட்டம் அது. அதன் பின்னால் அரங்கநாதனின் பல்லாண்டு முயற்சி இருந்தது. எங்கள் வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி தனியே இருக்கும். கூலி வேலை செய்யும் என் அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆயினும் ஆண்டுதோறும் அந்தக் காசைக் கட்டி வருகிறார். அந்தக் காசில்தான் எங்கள் ஊர்ப்புற நூலகம் நடக்கிறது. அங்கேதான் நான் பாடநூல் அல்லாத முதல் புத்தகத்தைத் தொட்டேன்.

பெரியவர் மேலும் சில ஆண்டுகள் சூரிச்சிலும் உச்சயினியிலும் இருந்துவிட்டு, பெங்களூரில் தங்கினார். 1957இல் பத்மஸ்ரீ, 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர். தம் சேமிப்பிலிருந்து ஓர் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு நூலகவியல் பேராசிரியர் பதவிக்காக மனைவியின் பெயரால் வழங்கினார். பெங்களூரில் 1962இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின்கீழ் ஆவணமாக்க ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1967இல், எழுபத்தைந்து வயதில், கணித மேதை இராமானுசன் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பழைய கணக்கு வாத்தியார் உள்ளே உயிரோடுதான் இருந்திருக்கிறார்! 1972 செப்டம்பர் 27ஆம் நாள் மறைந்தார். ஆகஸ்டு 12ஐத் தேசிய நூலகர் நாளாக இன்று கொண்டாடுகிறோம்.

அவருடைய கோலன் முறை எங்கும் பரவிவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகும். கற்பதற்குக் கடினம், குறியீடு நீளம். நம் நாட்டிலேயே பல நூலகங்கள் டூயி முறையையே வைத்திருக்கின்றன. எங்கள் கல்லூரியிலும் அதுதான். ஆனால் உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பூட்டும் அவருடைய கருத்து கணினிக்குள் புகுந்துகொண்டது. இணையக் கடையில் விலை, நிறம், அளவு என்று தனித்தனியே தேர்ந்து பொருள் தேடுகிறோமே, அதன் வேர் அங்கேதான் என்று அத்துறையினர் ஒப்புக்கொள்கின்றனர்.

ஆகவே விண்ணப்பத்துக்கு வருகிறேன். எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் நூலகவியல் படிக்கலாம். ஓராண்டு இளநிலை, அதன்பின் ஓராண்டு முதுநிலை. சில இடங்களில் இரண்டும் சேர்ந்த ஈராண்டு முதுநிலை. கல்லூரி நூலகர் ஆவதற்கு முதுநிலையோடு பொதுவாகத் தேசியத் தகுதித் தேர்வு போன்ற தகுதியும் கேட்பார்கள். அரங்கநாதன் தொடங்கிய பெங்களூர் மையத்தில் எழுத்துத் தேர்வும் நேர்முகத் தேர்வும் உண்டு. தேறினால் படிக்கும்போதே உதவித்தொகை தருகிறார்கள். எங்களைப் போன்ற வீட்டுக்கு இந்தக் கடைசிச் செய்தியே முதல் செய்தி.

அப்பாவுக்கு நான் பி.எட். படித்து வாத்தியாராக வேண்டும் என்று ஆசை. அவர் ஆசையில் தவறில்லை. ஊரில் அவர் கண்ணால் கண்ட படித்த வேலை அதுதான். கணக்கு வாத்தியாராக இருந்த ஒருவர் நூலகரான கதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, சம்பளம் எவ்வளவு தம்பி என்று கேட்டார். 1923இல் அரங்கநாதனும் அதைத்தான் முதலில் பார்த்தார் என்றேன். சிரித்தார், சரி என்று இன்னும் சொல்லவில்லை. பெங்களூர்த் தேர்வுக்கான பழைய வினாத்தாள்களை எங்கள் கல்லூரி நூலகர் ஐயா எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கணிதப் பகுதியிலிருந்து தொடங்கப் போகிறேன்.