மூன்று விரைகளோடு பிறந்தாரா இந்தத் தளபதி? கொல்லியோனியின் கதையும் மருத்துவம் சொல்வதும்

இத்தாலியின் பெர்காமோ நகரத்துக்குப் போனா, மேல்நகரத்தில் சாந்தா மரியா மஜ்ஜோரே தேவாலயத்தை ஒட்டி ஒரு கல்லறைக் கோயிலைப் பார்க்கலாம். அதன் இரும்புக் கதவில் ஒரு சின்னம் பதிக்கப்பட்டிருக்கு. பார்க்க வருபவர்கள் அதைத் தடவிவிட்டுத்தான் நகர்கிறார்கள், அதிர்ஷ்டம் வருமாம். தடவித் தடவியே அந்த உலோகம் பளபளவென்று ஆகிவிட்டது. அந்தச் சின்னத்தில் இருப்பவை மூன்று விரைகள்.

உள்ளே அடக்கம் செய்யப்பட்டிருப்பவர் பார்த்தொலோமியோ கொல்லியோனி. 15-ம் நூற்றாண்டு இத்தாலியின் பெரிய கூலிப்படைத் தளபதிகளில் ஒருவர். அவருக்குப் பிறவியிலேயே மூன்று விரைகள் இருந்தன, அதனால்தான் இந்தச் சின்னம் என்பது ஊரறிந்த கதை.

யார் இவர்?

1400-ஐ ஒட்டி, பெர்காமோ பக்கத்தில் சோல்ட்சா என்ற ஊரில் பிறந்தார். தந்தை பாவுலோ, உறவினர்களோடு சேர்ந்து சூழ்ச்சி செய்து த்ரெட்ஸோ கோட்டையைக் கைப்பற்றியவர். பிறகு அதே உறவினர்களே அவரைக் கொன்றுவிட்டார்கள். சொத்தை இழந்த பையனுக்குத் தெரிந்த ஒரே பிழைப்பு போர்தான்.

அந்தக் காலத்து இத்தாலியில் வெனிஸ், மிலன், ஃபிளாரன்ஸ் எல்லாம் தனித்தனி அரசுகள். படையை வாடகைக்கு எடுத்துத்தான் சண்டை போடுவார்கள். கொல்லியோனி முதலில் தெற்கே நேப்பிள்ஸ் பக்கம் போர் கற்றார், பிறகு வெனிஸ், அதன்பின் மிலன், மீண்டும் வெனிஸ். இன்னைக்குக் கட்சி தாவுறவங்களே தோற்றுப்போவாங்க. ஆனா யாரும் அவரை முழுசா நம்பவும் இல்லை. மிலன் ஆட்சியாளர் ஃபிலிப்போ மரியா விஸ்கோந்தி அவரை மோன்ட்சாவில் சிறையில் அடைத்தார். 1447-ல் அந்த விஸ்கோந்தி இறந்த பிறகே வெளியே வர முடிந்தது. 1451-ல் வெனிஸும் அவரைப் பிடிக்கப் பார்த்தது, தப்பிவிட்டார். அதே வெனிஸ்தான் 1455-ல் அவரைத் தலைமைத் தளபதி ஆக்கியது. சாகும்வரை அந்தப் பதவியில் இருந்தார்.

1467-ல் அவர் நடத்திய ரிக்கார்தினா சண்டை, இத்தாலியில் களத்தில் பீரங்கிகள் பெரிய அளவில் பயன்பட்ட முதல் சண்டைகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. கடைசிக் காலத்தில் மால்பாகா கோட்டையில் ஒரு குட்டி ராஜாவைப் போலவே வாழ்ந்தார். ஏழைப் பெண்களின் திருமணச் செலவுக்காக 1466-ல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 1470-ல் அவருடைய மகள் மேதேயா இளம் வயதிலேயே இறந்துபோனாள். அவளுக்கு அவர் எழுப்பிய பளிங்குக் கல்லறை இன்று அவருடைய கல்லறை இருக்கும் அதே கோயிலில் இருக்கிறது.

1475 நவம்பரில் இறந்தார். ஆண் வாரிசு இல்லை. பெரும் பணத்தை வெனிஸுக்கு எழுதிவைத்து, பதிலுக்கு சான் மார்கோ சதுக்கத்தில் தனக்கு ஒரு சிலை கேட்டிருந்தார். அங்கே யாருக்கும் சிலை வைக்கிற வழக்கம் இல்லை. பணத்தை விடவும் மனசு இல்லை! அதே சான் மார்கோ பெயரில் வேறொரு கட்டடம் இருந்தது, அதன் முன்னால் வைத்துக் கணக்கை முடித்துவிட்டார்கள். சிற்பி வெரோக்கியோ 1488-ல் இறந்துவிட, லெயோபார்தி வெண்கலத்தில் வார்த்து முடித்த அந்தக் குதிரை வீரன் சிலை 1496-ல் திறக்கப்பட்டது. உலகின் மிகச் சிறந்த குதிரைச் சிலைகளில் ஒன்று இது.

சரி, மூன்று விரை உண்மையா?

சந்தேகம்தான். காரணம் அவர் பெயரிலேயே இருக்கு. இத்தாலிய மொழியில் விரையைக் குறிக்கும் கொச்சைச் சொல் 'கோல்யோனி'. குடும்பப் பெயரும் கிட்டத்தட்ட அதே ஒலி. பெயரின் ஒலியை வைத்தே குலச்சின்னம் வரைவது அன்றைய ஐரோப்பாவில் சகஜம். இவர் பிறப்பதற்கு முன்பே குடும்பத்தில் இந்தச் சின்னம் இருந்தது. அப்படியென்றால் உடம்பைப் பார்த்துச் சின்னம் வந்திருக்காது, சின்னத்தைப் பார்த்துத்தான் கதை வந்திருக்கும். 1969-ல் அவருடைய உடல் எச்சங்கள் கல்லறைக்குள் கண்டெடுக்கப்பட்டன. ஆனால் எலும்பு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

கூடுதல் விரை என்பது கூடுதல் ஆண்மை, கூடுதல் வீரம் என்ற நினைப்புதான் இந்தக் கதையை 500 வருஷமாக ஓட வைக்கிறது. மருத்துவத்தில் அதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

ஆனால் அந்த நிலை மட்டும் நிஜம். பெயர் பாலிஆர்க்கிடிசம். உலக மருத்துவ இதழ்களில் பதிவானதே சில நூறு பேர்தான். பெரும்பாலானோருக்கு மொத்தம் மூன்று. கூடுதலாக இருப்பது அதிகமும் இடது பக்கம். கரு வளரும் தொடக்க வாரங்களில், விரையாக வேண்டிய திசு இரண்டாகப் பிரிவதால் இது வருகிறது என்று கருதப்படுகிறது. பெற்றோர் செய்த தவறு எதுவும் இதில் இல்லை.

பலருக்கு இது இருப்பதே தெரியாது. வேறு எதற்கோ அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கும்போது தெரியவரும். சிலருக்கு விரை கீழே இறங்காமல் இருப்பது, குடலிறக்கம் ஆகியவையும் சேர்ந்து இருக்கலாம். முன்பெல்லாம் புற்றுநோய் பயத்தில் கூடுதல் விரையை வெட்டி எடுத்துவிடுவார்கள். இப்போது வேறு சிக்கல் இல்லாவிட்டால், அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதே போதும் என்பதுதான் பல மருத்துவர்களின் அணுகுமுறை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. விரைப்பையில் ஒரு கட்டி தட்டுப்பட்டால், இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நாமே முடிவு பண்ணக் கூடாது. கூடுதல் விரையை விட மற்ற காரணங்களுக்கே வாய்ப்பு மிக அதிகம், அதில் புற்றுநோயும் ஒன்று. வெட்கப்படாமல் சிறுநீரகவியல் அல்லது அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்ட வேண்டும். திடீரென்று கடுமையான வலி வந்தால் அது விரை முறுக்கமாக இருக்கலாம். ரத்த ஓட்டம் நின்றுவிடும் என்பதால் 6 மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைப்பது முக்கியம். சொல்லக் கூச்சப்பட்டுப் பையன்கள் காலை வரை வலியைப் பொறுத்துக்கொள்ளும்போதுதான் விரையை எடுத்துவிட வேண்டிய நிலை வருகிறது.