கப்பலா, பீரங்கியா?

பிளஸ் டூ முடித்து ராணுவத்தில் சேர நினைக்கும் நம் குடியிருப்புப் பிள்ளைகளே, பெற்றோரே, நெப்போலியன் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

1769-ல் கோர்சிகா தீவில் பிறந்தவர். 9 வயதில் பிரான்ஸின் பிரியென் ராணுவப் பள்ளியில் அரசு உதவித்தொகையில் சேர்ந்தார். தீவுப் பையன் அல்லவா, முதலில் கடற்படை மீதுதான் ஆசை. பாரிஸ் ராணுவப் பள்ளிக்குப் போனதும் பீரங்கிப் படையைத் தேர்ந்தெடுத்தார். குதிரைப்படையில் உயரப் பணமும் பெரிய குடும்பத்துச் செல்வாக்கும் வேண்டும். அவரிடம் இரண்டும் இல்லை. பீரங்கிப் படைக்குக் கணக்கு வேண்டும். அது அவருக்கு நன்றாக வரும்.

1785 பிப்ரவரியில் அப்பா இறந்துவிட்டார். குடும்பம் பணத்துக்குத் திண்டாடியது. ஓராண்டுக்குள் படிப்பை முடித்து, அந்த செப்டம்பரிலேயே அதிகாரித் தேர்வில் தேறினார். தேர்வாளர், கணித மேதை லாப்லாஸ். 58 பேரில் 42-ம் இடம்தான். ரேங்கை நினைத்துக் கவலைப்படுபவர்கள் கவனியுங்கள்! 1793-ல் பிரிட்டிஷார் வசமிருந்த தூலோன் துறைமுகத்தை மீட்க உதவியது, அவர் பீரங்கிகளை நிறுத்திய இடம். 24 வயதிலேயே ஜெனரல்.

பின்னாளில் பேரரசராகி, போர் போரென்று அலைந்து, 1821-ல் செயின்ட் ஹெலினா தீவில் கைதியாக இறந்தார். அந்தப் பேராசை நமக்கு வேண்டாம். ஆனால் படைப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது, சீருடையின் மிடுக்கைப் பார்க்காமல், உங்களுக்கு எது நன்றாக வரும் என்று மட்டும் பாருங்கள்.